வீடு பார்க்க வருகிறார்கள்

ஓடைக்கரைப்பட்டி,
கம்பம் வழி.
11.6.2023

அன்புத் தம்பி பாண்டியராஜனுக்கு,

அக்கா சந்தனம்மாள் எழுதுவது. நீ, விஜி, சின்னவன் மூவரும் சுகமாக இருக்க வீரபாண்டி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முட்டுவலி ஒன்றுதான் குறை.

என்னடா, இந்தக் காலத்தில் அக்கா கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் கேட்பதே இல்லை. காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நான் எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

திரிஷா பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். எலக்ட்ரிக்கல், முதல் வகுப்பு, ஒரு அரியர் கிடையாது. விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் "தெரிஞ்சவுக யாரும் இருக்காகளா" என்றுதான் முதல் கேள்வியாம். நம்ம காலனியில் யாருக்கு யாரைத் தெரியும்? எனக்கு ஜீப் ஓட்டுகிற பேச்சிமுத்துவைத் தெரியும். பேச்சிமுத்துவுக்கு மலையில் ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசர் சசிதரனைத் தெரியும். அதோடு நம்ம தெருவின் பழக்கம் முடிந்தது. நேற்றுப் பேச்சிமுத்து வந்து, "ஏக்கா, பிள்ள சும்மாதான இருக்கு, ஜீப்புல ஒரு ஆளுக்கு எடம் இருக்கு, காய் எடுக்க ஏத்திவிடு" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவனுக்குத் தெரிந்த வேலை அதுதான். நான்தான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். உன் மச்சான் அந்த மாதிரி ஒரு ஜீப்பில்தான் காலையில் ஏறிப் போனார். கம்பம்மெட்டு வளைவில் கவிழ்ந்து, சாயங்காலம் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள்.

என் கால் போகிறவரை நான் மலை ஏறிக்கொள்கிறேன். என் மகள் அந்த ஜீப்பில் ஏறக்கூடாது. உன் மோட்டார் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லு.

அக்கா,
சந்தனம்

*

கோயம்புத்தூர்,
9.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். முட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. விஜி உன்னை விசாரித்தாள். சின்னவனுக்குச் சளி இருந்தது, இப்போது பரவாயில்லை. இங்கே நல்ல மழை.

திரிஷாவுக்கு என் வாழ்த்தைச் சொல். கம்பெனியில் இப்போது ஆள் எடுக்கவில்லை. ஆர்டர் குறைவு. அவள் மேலே பி.இ. படித்தால் நல்லது. பார்க்கலாம்.

சுருளியில் தண்ணீர் விழுகிறதா?

அன்புடன்,
பாண்டி

*

ஓடைக்கரைப்பட்டி,
23.7.2023

தம்பிக்கு,

சுருளியில் தண்ணீர் விழுகிறது. போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அப்போதும் சூடு தணியவில்லை. சின்னவனுக்குத் துளசிச் சாறு கொடுக்கச் சொல். அவன் என்ன பாவம் செய்தான்.

மலையில் வேலை இல்லாததால் இந்த வாரம் கோட்டைச்சாமி தோட்டத்தில் திராட்சைக் கவாத்துக்குப் போனேன். அவர் பெண்டாட்டி பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு பெருமை பேசுகிறாக. "எங்க வகையறா கர்ணன் வேல பாக்குற கம்பெனியில இந்த மாசம் மூணு பேர எடுத்துருக்காக. மூணும் எங்க குலசாமியக் கும்புடுற கும்பிட்டுக்காரப் பயலுகதேன். ஒந்தம்பிதான கையெழுத்துப் போட்டது? ஒங்கிட்டச் சொல்லலையா?" நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன்.

ஆள் எடுக்கவில்லை, ஆர்டர் குறைவு. எனக்கே காது குத்துகிறாயா? அந்த மூவரில் ஒருவன் இரண்டு வருசமாகப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பாஸாகாமலே மீசை வளர்த்தவன். அவன் வீட்டு மோட்டாரில் ஃபியூஸ் போனபோது நம்ம திரிஷாதான் போய் மாட்டிவிட்டு வந்தாள்.

அவர்களுக்கு என்ன கவலை. சிவராத்திரிக்கு ஒரே குலசாமியைக் கும்பிடுகிற வீடெல்லாம் ஒன்றாக வண்டி கட்டிப் போகிறார்கள். பொங்கல் பொங்குவதற்குள் யார் பையன் எந்த வேலைக்கு, யார் பெண் எந்த வீட்டுக்கு, யாருக்கு எந்தப் பேங்கில் லோன் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மறுநாள் அந்த வேலை காலியாக இருந்தது என்பதே ஊருக்குத் தெரியாது. நாமும்தான் சாமி கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் இருப்பவளும் ஜீப்புக்குப் போகிறவள்தான். நமக்கு இருந்த ஒரே ஒரு ஆள் நீ.

ஒழுங்காகப் பதில் எழுது. இல்லையென்றால் அடுத்த கடிதம் உன் வீட்டுக்கு வராது. கம்பெனி முகவரிக்கு, கொட்டை எழுத்தில் வரும்.

சந்தனம்

*

கோயம்புத்தூர்,
27.7.2023

அக்கா,

கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கம்பெனிக்கு எழுதாதே. அங்கே தபாலெல்லாம் கர்ணன் மேசைக்குப் போய்த்தான் வரும். வீட்டுக்கு எழுதும்போதும் அனுப்புநர் முகவரியில் காலனி என்று போடவேண்டாம். ஓடைக்கரைப்பட்டி என்றால் போதும், தபால்காரருக்குத் தெரியும். எங்கள் அடுக்குமாடியில் கம்பெனிக்காரர்கள் நாலைந்து வீடு இருக்கிறது.

நீ நினைப்பதுபோல் நான் ஆள் எடுப்பதில்லை. இங்கே விளம்பரம் கொடுக்கிற வழக்கமே கிடையாது. உள்ளே நிரந்தரமாக இருப்பவர் ஒருவர் கை காட்டவேண்டும். நான் கையெழுத்துதான் போடுகிறேன். ஹாஸ்டலில் தங்கப்போகும் பெண்பிள்ளை என்றால் அதோடும் முடியாது. முதலாளியம்மாவே ஊருக்குக் கிளம்பி வந்து வீடு பார்ப்பார்கள். கூடத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, பெற்றவர்களோடு பேசிவிட்டுப் போவார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். பூர்வீகம் நம் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்தது இங்கே. ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்பதை எல்லாம் கர்ணன் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கர்ணனை என்னால் பகைத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாண்டி

*

ஓடைக்கரைப்பட்டி,
காலனி (ஆமாம், காலனிதான்).
6.8.2023

ஏலே பாண்டி,

முந்தைய கடிதத்துக்கு நாலு வாரம், இந்தக் கடிதத்துக்கு நாலே நாள். கம்பெனி முகவரி என்றதும் உன் பேனா பறக்கிறதே.

திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. நீ கர்ணனோடு காலேஜில் ஒன்றாகப் படித்தாய். அவன்தான் "எங்க ஊர்ப் பையன்" என்று உன்னை அங்கே கூட்டிப் போனான். அந்தம்மா உன்னையும் கோட்டைச்சாமி வகையறா என்று எடுத்துக்கொண்டார்கள். நீ வாயை மூடிக்கொண்டாய். அவனும் மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் கை காட்டுகிறவனுக்கெல்லாம் நீ கையெழுத்துப் போடுகிறாய். அப்படித்தானே? உன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு "நெருங்குனவுக மட்டுந்தேன்க்கா" என்று சொல்லி என்னைக் கூப்பிடாமல் விட்டதும் இதற்குத்தானே? கூடப் பிறந்தவளைவிட நெருங்கினவர்கள் யார் என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். தம்பி நல்லா இருந்தால் சரி என்று மென்று முழுங்கிவிட்டேன்.

நீ உள்ளே போனது தப்பென்று நான் சொல்லவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தாய், இருந்து சம்பாதி. உள்ளே போனவன் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கதவுக்கு நீயே காவலும் நிற்கிறாயே, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

வீடுதானே பார்க்கவேண்டும்? வரச்சொல். என் வீட்டில் கூடம் இல்லை, ஒரு கட்டில் இருக்கிறது. உட்காரச் சொல்கிறேன். கோழி அடித்துப் போடுகிறேன். உனக்கு முதுகெலும்பு இருந்தால் கூட்டிக்கொண்டு வா.

விஜியையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

சந்தனம்

*

கோயம்புத்தூர்,
15.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. உன்னை விசாரிக்காமல் இல்லை. நீ வாய்க்காலில் வழுக்கி விழுந்து வாரக் கணக்கில் மலைக்குப் போகவில்லை என்றும், திரிஷா உனக்குப் பதிலாக ஜீப்பில் போகிறேன் என்று நிற்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். போக விடாதே. இங்கே ஒரு வழி செய்திருக்கிறேன். கோபப்படாமல் படி.

டெஸ்டிங் பிரிவில் பெண்களை எடுக்கிறார்கள். திரிஷாவைக் கர்ணன் கை காட்ட ஒத்துக்கொண்டான், தன்னுடைய தூரத்து அத்தை மகள் என்று. வீடு பார்ப்பது கோட்டைச்சாமி வீட்டில். அவரும் அவர் வீட்டம்மாவும் பெற்றவர்கள் மாதிரி உட்கார ஒத்துக்கொண்டார்கள். கர்ணன் தம்பி விஷயமாக நான் ஒன்று செய்து கொடுக்கவேண்டும், அது என் பாடு. முதலாளியம்மா நவம்பரில் வருகிறார்கள், நான் கூட வருகிறேன். திரிஷா நல்ல உடையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு மணி நேரம்.

நீ அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடு. இல்லை, மகளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் தோட்டத்து வேலைக்காரிகளோடு பின்கட்டில் நில்.

எழுதும்போது எனக்கும் கை வரவில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அக்கா.

பாண்டி

*

ஓடைக்கரைப்பட்டி,
22.11.2023

பாண்டிக்கு,

காரில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றுகொண்டிருந்தேன். நீ பார்க்கவில்லை. அதனால் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நான் ஒத்துக்கொண்டது உனக்காக இல்லை. முந்தின வாரம் பேச்சிமுத்து வாசலில் வந்து ஹாரன் அடித்தான், திரிஷா சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் கையிலிருந்து தூக்கைப் பிடுங்கினேன் பார், அப்போது முடிவு பண்ணினேன். இந்த அவமானமும் ஆச்சு, போ என்று.

பின்கட்டில்தான் நின்றேன். கோட்டைச்சாமி பெண்டாட்டி தட்டு நிறையப் பன்னீர் திராட்சையை என் கையில் கொடுத்து, "கொண்டுபோயி வச்சுட்டு வந்துரு, நிக்காத" என்றாக. வைத்தேன். முதலாளியம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "இவுங்க யாரு?" என்று கேட்டாக. யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதானே நீ கணக்குப் போட்டாய்? திரிஷா பட்டென்று சொல்லிவிட்டாள், "எங்கம்மா" என்று.

கர்ணன் சிரிக்கிறான். "சின்னதுலருந்து தூக்கி வளத்தவுகம்மா. புள்ள அம்மான்னுதேன் கூப்பிடும்." அந்தம்மா உன் பக்கம் திரும்பி, "அப்படியா பாண்டி?" என்றாக. நீ என்னைப் பார்க்காமல், திராட்சைத் தட்டைப் பார்த்து, "ஆமாங்கம்மா" என்றாய்.

அந்தம்மா நல்ல மனுஷிதான். அதுதான் இன்னும் எரிகிறது. எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "பிள்ளையை நல்லா வளர்த்திருக்கீங்க" என்று ஒரு ஸ்வீட் டப்பாவைக் கொடுத்தாக. கோட்டைச்சாமி பெண்டாட்டி முகத்தைப் பார்க்கணுமே, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி.

நீங்கள் போன கார்ப்புழுதி அடங்கவில்லை. திரிஷா உட்கார்ந்த நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கி வந்து போட்டாக. சோப்புத்தூளும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, என்னைத்தான் கழுவச் சொன்னாக. கழுவினேன். என் மகள் உட்கார்ந்த இடத்தை என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அந்த ஸ்வீட்டை நாங்கள் தின்னவில்லை. உனக்கு வேண்டுமென்றால் சொல், பார்சல் அனுப்புகிறேன்.

சந்தனம்

*

கோயம்புத்தூர்,
2.12.2023

அக்கா,

நல்ல செய்தி. திரிஷாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் வேலையில் சேரவேண்டும். அன்றைக்கு நடந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கர்ணன் சமாளித்துவிட்டான்.

ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். நீ வரவேண்டாம். கொஞ்ச நாளைக்கு.

மற்றதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாண்டி

*

ஓடைக்கரைப்பட்டி,
24.1.2024

பாண்டிக்கு,

பொங்கல் முடிந்தது. நான் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீட்டு ஜக்கம்மா கொண்டுவந்து கொடுத்ததைத் தின்றேன். உங்கள் வீட்டில் நன்றாகப் பொங்கியிருக்கும்.

திரிஷா போய்விட்டாள். "போகாதடி, அந்தச் சோறு நமக்கு வேண்டாம்" என்று கடைசி நாள் வரை சொல்லிப் பார்த்தேன். "நான் எங்கயும் பொய் சொல்லலம்மா, அன்னைக்கும் நெசத்தத்தேன் சொன்னேன். அவுகதேன் மாத்துனாக. நான் எதுக்கு வேலைய விடணும்?" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஜீப்பில் ஏறக்கூடாது என்று கேட்டவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னைப் பெற்றவள் இல்லை என்று ஆக்கித்தானா ஏற்றிவிடவேண்டும்?

முதலில் நீ போனாய், இப்போது அவளையும் கொண்டுபோய்விட்டாய். ஞாயிறு ஞாயிறு அவளிடமிருந்து போன் வருகிறது. நான் எடுப்பதில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன். ஹாஸ்டல் போனில் பக்கத்தில் யாராவது நின்று, "யாரு, உன்னை வளர்த்த அம்மாவா" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

இனி எனக்கு எழுதாதே.

சந்தனம்மாள்

*

பெண்கள் ஹாஸ்டல்,
கோயம்புத்தூர்.
1.6.2024

அம்மா,

எப்படி இருக்கே என்று கேட்டால், "நல்லாருந்தா என்ன, கெட்டாருந்தா என்ன" என்று சொல்வாய். இருந்தாலும் கேட்கிறேன். முட்டு எப்படி இருக்கிறது? நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மாமாவுக்கு நீ எழுதின மாதிரி நானும் எழுதிப் பார்க்கிறேன். முழுக்கப் படி.

எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் டெஸ்ட் பண்ணினதில் ஒரு மோட்டார்கூடத் திரும்பி வந்ததில்லை என்று போன மாதம் முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டினாக. நிரந்தரமானவர்கள் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டலாம் என்பது உனக்குத் தெரியுமே. இதற்குத்தான் அம்மா நான் வந்தேன். நாற்காலியைக் கழுவிக்கொண்டு இருந்தாயே, அப்போதே முடிவு பண்ணினேன். உன்னிடம் சொல்லியிருந்தால் மாமா காதுக்குப் போய்விடும், கோபத்தில் நீயே எழுதிவிடுவாய். அதனால் சொல்லவில்லை. திட்டிக்கொள்.

நேற்று முதலாளியம்மா ரூமுக்குப் போய், ஜக்கம்மா சித்தி மகள் கௌமாரியைக் கை காட்டினேன். கர்ணன் இருந்தார், மாமாவும் இருந்தார். "எந்த ஊரு?" என்றாக. சொன்னேன். "எந்தத் தெரு?" என்றாக. "காலனி" என்றேன். கர்ணன் குறுக்கே வந்து, "அது வேற ஆளுகம்மா, நமக்குப் பழக்கமில்லை" என்றார். அந்தம்மா என்னைப் பார்த்து, "உனக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாக. "அடுத்த வீடும்மா. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு" என்றேன்.

அந்தம்மா மாமாவை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன பாண்டி இது?" என்றாக. மாமா, "நேர்ல போயிப் பார்த்துக்குவோம்மா" என்று மென்று முழுங்கினார். "சரி, ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை நானே வாரேன். கர்ணன் வேண்டாம். நீதான் எனக்கு வழி காட்டுற" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாக.

கோபமா, இல்லையா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வேலை நிற்குமா, கௌமாரிக்குக் கிடைக்குமா, தெரியாது. போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். போனால் சண்டை போடுவேன். மாமா கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அதற்காக நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை.

நீ அன்றைக்கு மலைக்குப் போய்விடாதே. வீட்டில் இரு.

உன் மகள்,
திரிஷா

*

சந்தனம்மாள்,
காலனி,
ஓடைக்கரைப்பட்டி.
5.6.2024

தம்பி பாண்டிக்கு,

இனி எழுதாதே என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், சனிக்குள் கிடைத்துவிடும். உனக்கும் விஜிக்கும் சின்னவனுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஞாயிறு வீடு பார்க்க வருகிறாயாமே. ஜக்கம்மா சாணி தெளித்து, கௌமாரிக்குப் புதுத்துணி எடுத்து வைத்துவிட்டாள். தெருவே பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சிமுத்துகூட அன்றைக்கு ஜீப் எடுக்கப் போவதில்லையாம். இந்தத் தெருவுக்கு வீடு பார்க்க இதுவரை எந்தக் கம்பெனிக்காரரும் வந்ததில்லை.

நீ நம்ம தெருவுக்கு வந்து வருசக்கணக்கு ஆகிறது. ஊர்த்தெருவைத் தாண்டி வந்தால் தண்ணீர்த்தொட்டி, அதைத் தாண்டினால் இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு ஜக்கம்மா வீடு. நாலாவது வீட்டு வாசலில் நான் நிற்பேன். பின்கட்டில் நிற்க மாட்டேன், என் வீட்டுக்குப் பின்கட்டும் கிடையாது.

அந்தம்மாவுக்கு என் முகம் மறந்திருக்காது. பார்த்ததும் "இவுங்க யாரு?" என்று உன்னிடம்தான் கேட்பாக. நான் வாயைத் திறக்க மாட்டேன், திரிஷாவும் அங்கே இருக்க மாட்டாள், சமாளிக்கக் கர்ணனும் வரமாட்டான். என்ன சொல்வதென்று காரில் ஏறுவதற்கு முன்னாலேயே யோசித்துக்கொள்.

உன் கூடப்பிறந்தவள்,
சந்தனம்